ஏட்டின் ஓரத்துக் குரல்கள்: கவிஞர் சூசன் ஹவ்

கவிஞர் ஒருவர் மறைந்த பின்னர் அவர் எழுதி வைத்த தாள்கள் பதிப்பாசிரியரின் கைக்கு வந்து சேர்கின்றன. அத்தாள்களிலே அடித்தல் உண்டு; திருத்தல் உண்டு; ஒரு சொல்லின் மேலே இன்னொரு சொல் எழுதப்பட்டிருக்கும்; ஓரத்திலே சிறு குறிகள் இடப்பட்டிருக்கும். பதிப்பாசிரியர் இவற்றையெல்லாம் ஒழுங்கு செய்து அச்சுக்கு அனுப்புகிறார். வாசகர் கையிற் கிடைப்பது பிழை நீங்கிய துப்புரவான நூல். அந்நூல் உருவான வேளையிலே தாளிலிருந்து கழிந்து போனவை எவை என்று வாசகர் கேட்பதில்லை. அவ்வாறு கேட்பதற்கு அவருக்கு வழியுமில்லை.

இக்கேள்வியையே தம் வாழ்நாட் பணியாகக் கொண்டவர் சூசன் ஹவ் என்னும் அமெரிக்கக் கவிஞர். தந்தை வழியால் நியூ இங்கிலாந்தின் பழைய குடியொன்றைச் சேர்ந்தவர். தாய் வழியால் அயர்லாந்துக்கு உரியவர். இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலே ஆங்கிலக் கவிதையிற் புதிய சோதனைகளைச் செய்தவர்களுள் இவர் முன் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர். இவருடைய கவிதைகளை முதன்முறை அச்சிலே காண்பவர் திகைத்துப் போவர். சொற்கள் பாதியிலே முறிந்து நிற்கும். வரிகள் சாய்ந்து கிடக்கும். ஒரு வரியின் மேல் மற்றொரு வரி ஏறி இரண்டையும் வாசிக்க முடியாதபடி செய்யும். சில பக்கங்களைத் தலைகீழாகத் திருப்பினாலன்றி வாசிக்க இயலாது. நம் சித்திரகவியிலே எழுத்துக்கள் தேராகவும் நாகமாகவும் அமைந்து ஓர் உருவத்தை நிறைவு செய்யும். இங்கோ உருவம் எதுவும் நிறைவு பெறுவதில்லை, சிதைவே எஞ்சுகிறது. இது வெறும் விளையாட்டா, அன்றி இதற்குத் தக்க காரணம் உண்டா என்பதே இவரைப் பற்றி முதலில் எழும் வினா. இவருடைய வாழ்க்கையை ஆராய்வோர்க்கு விடை தானே புலப்படும்.

சூசன் ஹவ் 1937ஆம் ஆண்டு யூன் மாதம் 10ஆந் தேதி மசச்சூசெற்ஸ் மாநிலத்துப் பொஸ்ரன் நகரிலே பிறந்தார். தந்தையார் மார்க் டிவோல்ப் ஹவ் சட்டத்துறைப் பேராசிரியர். சட்ட வரலாற்று அறிஞர். அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் புகழ்பெற்ற நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பவருக்குச் செயலாளராக இருந்தவர். பின்னர் அந்நீதியரசரின் கடிதங்களைப் பதிப்பித்து, அவருடைய வாழ்க்கை வரலாற்றையும் இரண்டு பாகங்களாக எழுதினார். அப்பணி முற்றுப் பெறுமுன் 1967ஆம் ஆண்டிலே காலமானார். பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, ஒப்பு நோக்கி, உண்மை காணும் ஒழுக்கம் அவ்வீட்டிலே அன்றாட வழக்கமாயிருந்தது.

தாயார் மேரி மானிங் 1905ஆம் ஆண்டு டப்ளின் நகரிலே பிறந்தவர், நடிகை, நாடகாசிரியர். 1928ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட கேற் நாடக அரங்கோடு நெருங்கிய தொடர்புடையவர். சாமுவேல் பெக்கெற் அவருக்குச் சிறு பராய நண்பர். முப்பதுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவிற்கு வந்து மணம் புரிந்து கொண்டபோதிலும், டப்ளின் நகரத்துப் பேச்சையும் நாடகத்தையும் அவர் கைவிட்டாரல்லர். கேம்பிறிட்ஜ் நகரிலே கவிஞர் அரங்கு என்னும் நாடகக் குழுவை நிறுவியோருள் அவரும் ஒருவர். ஜேம்ஸ் ஜொய்ஸ் எழுதிய ‘பின்னகன்ஸ் வேக்’ என்ற நாவல் வாசிப்பதற்கே அரியது எனப் பெயர் பெற்றது. அதனை மேடைக்கு ஏற்ற நாடகமாக்கிய துணிவு மேரி மானிங்கினுடையது. கண்ணுக்கு விளங்காத எழுத்தும் நடிகரின் வாயில் ஒலியாகும்போது உயிர் பெறும் என்பதை அவருடைய புதல்வியர் வீட்டிலிருந்தபடியே கண்டனர். சூசனின் தங்கை பனி ஹவ் என்பவரும் பிற்காலத்திலே சிறந்த கவிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கி, 2025ஆம் ஆண்டிலே மறைந்தார்.

ஆவணம் ஒரு புறம், ஒலி ஒரு புறம் என அமைந்த இவ்வீட்டின் அமைதியை உலகப் போர் குலைத்தது. அக்காலத்திலே தந்தையார் பஃபலோ நகரின் சட்டக் கல்லூரியிலே பணி புரிந்தார். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆந் தேதி ஞாயிற்றுக்கிழமை. நான்கு வயதுச் சிறுமியாகிய சூசனைத் தந்தையார் அந்நகரத்து மிருகக்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றார். பேர்ள் துறைமுகம் தாக்கப்பட்டது அன்றுதான். பின்னர் அவர் படைச் சேவையை ஏற்றுக் கடல் கடந்தார். குடும்பம் கேம்பிறிட்ஜ் நகருக்குச் சென்றது. போர் முடியும் வரையும் தந்தை என்பவர் தொலைவிலிருந்து வரும் செய்தியாகவே இருந்தார். பத்திரிகைப் படங்களும் தேசப்படங்களும் மூத்தோர் தாழ்ந்த குரலிற் பேசிக்கொண்டவையும் அச்சிறுமியின் நினைவிலே தங்கின. நெடுங்காலத்தின் பின் வெளியிட்ட நூல்களின் முன்னுரைகளிலே கவிஞர் இந்நாட்களுக்கு மீண்டும் மீண்டும் திரும்புவதைக் காணலாம். வரலாறு என்பது எங்கோ நிகழ்வதன்று. அது வீட்டுக்குள் வந்து ஒருவரை எடுத்துச் செல்லும் என்ற உணர்வு அவருக்கு இளமையிலேயே வந்துவிட்டது.

ஐம்பதுகளிலே நிகழ்ந்த இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. பாடசாலை மாணவியாயிருந்த காலத்திலேயே அவருக்கு நூல் வேட்கை மிகுதி. ஹாவாட் பல்கலைக்கழகத்தின் வைடனர் நூல் நிலையத்திலே, வேறெங்கும் கிடைக்காத பழைய நூல்கள் அடுக்கடுக்காக இருந்தன. அந்த அடுக்குகளிடையே செல்வது அத்துமீறல் ஆகும் எனத் தந்தையார் கூறித் தடுத்துவிட்டார். சட்டம் அறிந்த தந்தை சொன்ன சொல் அது. அத்துமீறி நுழைதல் என்ற அக்கருத்தைக் கவிஞர் மறக்கவில்லை. முறையான அனுமதியின்றி வரலாற்றின் காட்டுக்குள்ளே புகுந்தவர் எனத் தம்மைத் தாமே பிற்காலத்திலே அவர் எண்ணிக் கொண்டார்.

பாடசாலைக் கல்வி முடிந்ததும், 1955ஆம் ஆண்டளவில் அவர் டப்ளின் சென்று, தாயார் நடித்த அதே கேற் அரங்கிலே பயிற்சி பெற்றார். நடிப்பும் மேடையமைப்பும் அங்கே கற்றவை. பின்னர் பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச்சாலையைச் சார்ந்த கலைக் கல்லூரியிற் சேர்ந்து ஓவியம் பயின்று, 1961ஆம் ஆண்டிலே தேறினார். எனவே, பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்றுப் பட்டம் பெற்று அதன் வழியே கவிதைக்கு வந்தவரல்லர் இவர், ஓவியராகத் தொடங்கியவர்.

அறுபதுகளிலே நியூயோர்க் நகரில் வாழ்ந்தபோது அவருடைய ஓவியங்களில் மெல்ல மெல்லச் சொற்கள் புகுந்தன. முதலிலே படங்களுக்கு அருகே பெயர்கள். பின்பு பெயர்ப் பட்டியல்கள். பின்பு சுவர் முழுவதும் சொற்களும் படங்களும் வெற்றிடமும். அவருடைய கலைக்கூடத்துக்கு வந்த கவிஞர் ரெட் கிறீன்வால்ட், இவை சுவருக்குரியவை அல்ல, ஒரு நூலுக்கு உரியவை என்று சுட்டிக் காட்டினார். அவ்வறிவுரையின் பயனாக 1974ஆம் ஆண்டிலே, ‘பிணைச்சற் படம்’ எனப் பொருள்படும் பெயரோடு முதல் நூல் வெளிவந்தது. கவிஞருக்கு அப்பொழுது வயது முப்பத்தேழு. ஓவியராயிருந்த பழக்கம் அவரை விட்டு நீங்கவில்லை. ஒரு பக்கத்திலே சொல் எவ்வளவு இடம் கொள்கிறதோ அவ்வளவு முக்கியம் அதனைச் சூழ்ந்த வெள்ளைத் தாளுக்கும் உண்டு என்பது அவர் கொள்கை.

வானொலி நேயர்கள் சிறப்பாக அறிய வேண்டிய ஒரு பகுதி அவர் வாழ்விலே உண்டு. 1975ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு வரையும் அவர் நியூயோர்க்கின் டபிள்யூ. பி. ஏ. ஐ. என்னும் வானொலி நிலையத்திலே கவிதை நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்கினார். அந்நிலையம் விளம்பரங்களை நம்பாது, நேயர்களின் நன்கொடையால் நடந்து வந்தது. கவிஞர்கள் அங்கு வந்து தம் கவிதைகளை வாசித்தனர். அவற்றைப் பற்றி உரையாடினர். அந்த ஒலிப்பதிவுகள் இன்றும் பேணப்பட்டு வருகின்றன. ஒலி நாடாவை வெட்டியும் ஒட்டியும் நிகழ்ச்சிகளை அமைத்த காலம் அது. பேசுபவர் மூச்சு வாங்கும் இடமும், தயங்கும் இடமும், ஒரு சொல்லைத் தொடங்கிக் கைவிடும் இடமும் நாடாவிலே இருக்கும். அவற்றை வெட்டி எறிந்தாற் பேச்சு ஒழுங்காகும். ஆனால் பேசியவர் சிறிது மறைந்து போவார். பிற்காலத்திலே பழைய ஏடுகளிடம் சூசன் ஹவ் காட்டிய கவனம் இதே தன்மையது. ஏட்டைக் கண்ணால் வாசிப்பதோடு அமையாது, காது கொடுத்துக் கேட்டவர் அவர்.

இக்காலத்து நூல்கள் இரண்டு அவருடைய இரு நாட்டு உரிமையையும் எடுத்துக் காட்டுகின்றன. 1978ஆம் ஆண்டிலே வெளிவந்த ‘எல்லைக்கோட்டின் இரகசிய வரலாறு’ என்பது அவற்றுள் ஒன்று. 1728ஆம் ஆண்டிலே வேர்ஜினியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையே எல்லை வகுக்கச் சென்ற குழுவைப் பற்றி, வில்லியம் பேர்ட் என்பவர் இரு வரலாறுகள் எழுதி வைத்தார். ஒன்று பலரறியக் கூறுவது. மற்றது மறைவாகக் கூறுவது. மறைவான அவ்வரலாற்றின் பெயரையே கவிஞர் தம் நூலுக்கு எடுத்துக் கொண்டார். எல்லைக் குறிக்கும் அடையாளத்துக்கும் ஆங்கிலத்திலே ‘மார்க்’ என்று பெயர். கவிஞரின் தந்தை பெயரும் மார்க். மகன் பெயரும் மார்க். மறைந்த தந்தைக்கும் வளர்ந்து வரும் மகனுக்கும் இடையே நின்று, நிலத்தைக் கீறிய கோட்டையும் குடும்பத்தைக் கீறிய பிரிவையும் ஒரே சொல்லுக்குள் அவர் அடக்கிக் காட்டினார்.

மற்றது, 1980ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லிபேட்டீஸ்’. டப்ளின் நகரிலே புனித பற்றிக் தேவாலயத்தைச் சூழ்ந்த பழைய பகுதிக்கு வழங்கும் பெயர் அது. அத்தேவாலயத்தின் தலைவராக 1713 முதல் 1745 வரை இருந்தவர் ‘கலிவரின் யாத்திரை’யை எழுதிய ஜொனதன் ஸ்விப்ற். எஸ்தர் ஜோன்சன் என்ற பெண்மணி அவருடைய நெருங்கிய தோழி. ‘ஸ்ரெல்லா’ என அவர் இட்ட பெயராலேயே உலகம் அப்பெண்மணியை அறியும். ஸ்விப்ற் ஸ்ரெல்லாவுக்கு எழுதிய கடிதங்கள் நூலாக வெளிவந்து புகழ் பெற்றன. ஸ்ரெல்லா ஸ்விப்றுக்கு எழுதிய கடிதங்களோ நமக்குக் கிடைக்கவில்லை. ஓர் உரையாடலின் ஒரு பாதியே இலக்கியமாயிற்று. மறு பாதி அழிந்தது. கவிஞர் அந்த அழிந்த பாதியைக் கற்பனையால் நிரப்பி ஸ்ரெல்லாவின் பெயரில் போலிக் கடிதங்கள் எழுதவில்லை. ஷேக்ஸ்பியரின் நாடகத்திலே பேச மறுத்த கோடீலியாவை அழைத்து வந்து, ஸ்ரெல்லாவுக்குப் பக்கத்திலே நிறுத்தினார். பேச மறுத்தவளும் பேச்சிழந்தவளும் ஒரே மேடையிலே தோன்றுகின்றனர்.

சூசன் ஹவ்வின் பெயரை ஆய்வாளர் பலரும் அறியச் செய்த நூல் 1985ஆம் ஆண்டில் வெளிவந்த ‘என் எமிலி டிக்கின்சன்’ என்னும் உரைநடை நூலாகும். எமிலி டிக்கின்சன் 1830ஆம் ஆண்டிலே ஆம்ஹேர்ஸ்ற் நகரிலே பிறந்து, 1886ஆம் ஆண்டில் அந்நகரிலேயே மறைந்தவர். ஏறக்குறைய 1,800 கவிதைகள் எழுதினார். வாழ்ந்த காலத்திலே அச்சேறியவை மிகச் சிலவே. அவர் தம் கவிதைகளைத் தாள்களிலே படியெடுத்து, தம் கையாலேயே நூல் கொண்டு தைத்து, நாற்பது சிறு கட்டுகளாக வைத்திருந்தார். 1890ஆம் ஆண்டிலே முதற் பதிப்பை வெளியிட்டோர் அக்கவிதைகளுக்குத் தலைப்பு இட்டனர். எதுகையைச் சீர் செய்தனர். நிறுத்தக் குறிகளை மாற்றினர். வாசகர் மனத்திலே எமிலி டிக்கின்சன், வெள்ளை உடுத்து வீட்டுக்குள் அடைந்து கிடந்த விசித்திரமான கன்னியாக நிலைத்துப் போனார்.

அப்படத்தைச் சூசன் ஹவ் ஏற்றுக்கொள்ளவில்லை. துப்பாக்கி ஒன்றைத் தன் வாழ்வுக்கு ஒப்பிட்ட டிக்கின்சனின் கவிதையொன்றை எடுத்துக்கொண்டு, அதன் பின்னே ஷேக்ஸ்பியரும், பிறவுணிங்கும், எமிலி பிறொன்ரியும், உள்நாட்டுப் போரும், நியூ இங்கிலாந்தின் சமய வரலாறும் நிற்பதை அவர் விரித்துக் காட்டினார். அறையிலே தனித்திருந்த அப்பெண் தம் காலத்தின் மிகச் சிறந்த வாசகருள் ஒருவர் என்பது அவருடைய முடிபு. எமிலி டிக்கின்சனை அறியாத பேதையாகக் கருதுவது, ஒரு பெண்ணுக்கு அத்துணைக் கல்வியும் துணிவும் இருக்க முடியாது என்ற எண்ணத்தினின்றும் பிறந்தது என அவர் வாதிட்டார்.

அதனினும் நுட்பமான வாதம் ஒன்று கையெழுத்துப் பிரதிகளைப் பற்றியது. 1955ஆம் ஆண்டிலே தோமஸ் ஜோன்சன் மூன்று பாகங்களாக வெளியிட்ட பதிப்பு, முந்திய திருத்தங்களை நீக்கி மூலத்தை அணுகிய அரும்பணி. 1981ஆம் ஆண்டிலே றால்ப் பிராங்க்ளின், அக்கட்டுகளின் நிழற்படப் பிரதியை இரு பாகங்களாக வெளியிட்டபோது, டிக்கின்சனின் கையெழுத்தையே எல்லோரும் காண முடிந்தது. கண்டபோது சூசன் ஹவ்வுக்கு ஒன்று புலனாயிற்று. தாளிலே வரிகள் முறியும் இடம் வேறு. அச்சிலே முறியும் இடம் வேறு. ஒரு சொல்லின் அருகே சிறு சிலுவைக்குறி இட்டு, அதற்கு மாற்றாகக் கூடிய வேறு சொற்களைக் கவிதையின் அடியிலே டிக்கின்சன் எழுதி வைத்திருந்தார். இவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை அடிக்குறிப்பிலே தள்ளுவது பதிப்பு மரபு. பாடபேதங்கள் கவிதைக்கு வெளியே நிற்பவை அல்ல. எச்சொல்லையும் இறுதியாகக் கொள்ளாதிருத்தலே அக்கவிதையின் இயல்பு என்று சூசன் ஹவ் கூறினார். இக்கருத்துக்களைப் பிராங்க்ளினுக்கு எழுதியும் அறிவித்தார். அப்பெரும் பதிப்பாசிரியர் அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை.

இவ்விவாதத்தைப் புலவர் இருவரின் பிணக்கு எனத் தள்ளிவிட இயலாது. பதிப்பாசிரியரின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தாளின் அகலம் போதாமையால் வரி முறிந்ததை எல்லாம் கவிஞரின் கருத்தெனக் கொண்டால் எல்லை ஏது? ஆயினும் எதனைக் கவிஞரின் கருத்து என்றும் எதனைத் தற்செயல் என்றும் தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வி அதனால் தீர்ந்துவிடவில்லை. காலம் செல்லச் செல்ல அறிஞர் பலர் மூலப் பிரதிகளை நோக்கித் திரும்பினர். கடித உறைகளின் துண்டுகளிலே டிக்கின்சன் எழுதியவை 2013ஆம் ஆண்டிலே நிழற்படங்களாக நூல் வடிவில் வந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் சூசன் ஹவ். அதே ஆண்டிலே டிக்கின்சனின் கையெழுத்துப் பிரதிகளின் படங்களை எவரும் கணினி வழியாகக் காணக்கூடிய காப்பகம் ஒன்றும் திறக்கப்பட்டது.

எமிலி டிக்கின்சனிலிருந்து கவிஞர் இன்னும் பின்னோக்கிச் சென்று, பதினேழாம் நூற்றாண்டின் குடியேற்ற நாட்களை அடைந்தார். 1675, 1676ஆம் ஆண்டுகளிலே நியூ இங்கிலாந்திற் குடியேறிய ஆங்கிலேயருக்கும் அந்நிலத்தின் பழங்குடி மக்களுக்கும் இடையே கொடிய போர் மூண்டது. 1676ஆம் ஆண்டு மே மாதம் 19ஆந் தேதி விடியற்காலையிலே, கப்டன் வில்லியம் ரேணர் என்பவரின் படையினர் கனெற்றிக்கற் ஆற்று நீர்வீழ்ச்சியருகே உறங்கிக் கிடந்த பழங்குடி மக்களைத் தாக்கினர். மாண்டவருட் பலர் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமாவர். திரும்பும் வழியிலே படை சிதறியது, ரேணரும் கொல்லப்பட்டார். படையோடு சென்ற ஹோப் அதர்ரன் என்னும் சமய குருவானவர் வழி தவறிக் காட்டிலே அலைந்தார். பசியால் வாடிப் பகைவரிடமே சரணடைய முயன்றபோது, அவர்கள் அவரைக் கண்டு அஞ்சி விலகிச் சென்றனராம். எப்படியோ ஆற்றைக் கடந்து மீண்டு வந்து தம் கதையைச் சபையோருக்கு உரைத்தார். அவர்கள் நம்பவில்லை, அவர் சித்தம் கலங்கியவர் என்று கூறினர். மறு ஆண்டிலே அவர் உயிர் நீத்தார்.

1987ஆம் ஆண்டிலே வெளியான ஒரு நீண்ட கவிதை இச்செய்தியிலிருந்து எழுந்தது. தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் எழுதுவது போன்ற தெளிந்த உரைநடை. பின்னர் அதர்ரன் காட்டுக்குள் நுழைகிறார். அவரோடு மொழியும் வழி தவறுகிறது. இலக்கணம் குலைகிறது, வினையின்றிப் பெயர்கள் நிற்கின்றன, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் புதுச் சொற்களாகின்றன. ‘ஹோப்’ என்பது ஆங்கிலத்திலே பெண்களுக்கும் வழங்கும் பெயர் என்பதையும் கவிஞர் நினைவூட்டுகிறார். நம்பப்படாத ஒருவரின் வாக்குமூலத்தை ஒழுங்கான வசனத்திலே எழுதினால் அதுவே ஒரு திருத்தம் ஆகிவிடும். சபையோர் அலட்சியம் செய்த அக்குழறலையே அவர் தாளிலே வைத்தார். அவருடைய வடிவச் சிதைவுக்குக் காரணம் இங்கே தெளிவாகிறது.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பலாம். அந்த விடியற்காலையிலே மாண்ட பழங்குடி மக்களின் குரல் எங்கே? அதர்ரன் வழி தவறியதாவது எழுதப்பட்டது. அவர்கள் சாவு அவர்களுடைய சொல்லால் எழுதப்படவேயில்லை. கவிஞரின் ஏடுகளிலும் பெரும்பாலும் குடியேறியவரின் குரலே கேட்கிறது. இது மெய்யே. எழுத்திலே இல்லாத குரலை அவர் தாமாக உண்டாக்கத் துணியவில்லை. தம் முன்னோர் விட்டுச் சென்ற ஏடுகளிலே எவ்விடத்திற் பேச்சு தடுமாறுகிறதோ அவ்விடத்தைச் சுட்டிக் காட்டுவதோடு அவர் நின்றார். அவ்வெல்லையை அவருடைய குறை என்போரும் உளர். நேர்மை என்போரும் உளர்.

தோற்றத்தால் மிகவும் திகைக்க வைக்கும் கவிதை 1989ஆம் ஆண்டிலே வந்தது. 1649ஆம் ஆண்டு ஜனவரி 30ஆந் தேதி இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ள்ஸ் தலை வெட்டப்பட்டார். உடனே மன்னர் எழுதியதாக ஒரு பிரார்த்தனை நூல் வெளிவந்து நாடெங்கும் பரவியது. எழுதியவர் மன்னரா, ஜோன் கோடன் என்னும் சமய குருவா என்பது நெடுங்காலச் சர்ச்சை. மில்ற்றன் அதனை மறுத்து ஒரு நூல் எழுதினார். உரிய ஆசிரியர் யாரென்று தெரியாத ஒரு நூலைப் பற்றிய சூசன் ஹவ்வின் கவிதையிலே வரிகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. சில தலைகீழாய் நிற்கின்றன. வெட்டுண்ட மன்னனும் உடைபட்ட அதிகாரமும் பக்கத்தின் அமைப்பிலேயே தெரிகின்றன.

இதே ஆண்டுகளில் அவருக்குப் பேராசிரியப் பதவி கிட்டியது. எண்பதுகளின் இறுதி தொட்டு ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் பஃபலோவிலுள்ள நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தார். தந்தையோடு மிருகக்காட்சிச் சாலைக்குச் சென்ற அதே நகரம் அது. நூல் அடுக்குகளிடையே செல்ல அனுமதி பெறாதிருந்தவர், மாணவரை அவ்வடுக்குகளிடையே வழி நடத்துபவரானார். 1993ஆம் ஆண்டிலே வெளியான ‘பிறப்பு மறு’ என்ற கட்டுரை நூலும், மெய்யியலறிஞர் சார்ள்ஸ் பேர்சின் கையெழுத்துப் பிரதிகளைத் தழுவி 1999ஆம் ஆண்டில் வந்த கவிதை நூலும் இக்காலத்தவை. அயர்லாந்தையும் அவர் மறந்தாரல்லர். ஹேர்மன் மெல்வில் தம் நூல்களின் ஓரத்திலே எழுதிய குறிப்புக்களை ஆராய்ந்த ஒரு கவிதையிலே, டப்ளினில் வறுமையுற்று 1849ஆம் ஆண்டில் மாண்ட கவிஞர் ஜேம்ஸ் கிளாரென்ஸ் மாங்கனை அவர் கண்டெடுத்தார். மெல்வில் படைத்த பாட்டில்பி என்னும் எழுத்தரின் சாயல் மாங்கனிடத்தே உண்டு என்பது அவர் கொண்ட துணிபு.

2008ஆம் ஆண்டு ஜனவரியில், அவருடைய கணவரும் மெய்யியற் பேராசிரியருமாகிய பீற்றர் ஹேர் உறக்கத்திலேயே திடீரெனக் காலமானார். அத்துயரிலிருந்து பிறந்தது 2010ஆம் ஆண்டிலே வெளியான ‘தற் திஸ்’ என்ற நூல். முதற் பகுதி, இறப்பு நேர்ந்த அக்காலையையும் அதன் பின் வந்த நாட்களையும் எளிய உரைநடையிலே கூறுவது. சோதனைக் கவிதையை விரும்பாதவரும் கண் கலங்காது அதனை வாசித்தல் அரிது. நடுப்பகுதிக்கு ஆதாரம் யேல் பல்கலைக்கழக நூல் நிலையத்திலுள்ள பழைய நாட்குறிப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் சமய ஞானி ஜொனதன் எட்வேட்ஸ் என்பவரின் சகோதரி ஹன்னா எழுதிய குறிப்புக்கள் அவை. சகோதரர் பெயரை அமெரிக்கா முழுவதும் அறியும். சகோதரியை அறிந்தோர் சிலர். அக்குறிப்புக்களின் படியைக் கத்தரித்து, ஒட்டி, நிழற்பிரதி எடுத்துக் கவிஞர் பக்கங்களை அமைத்தார். பாதிச் சொல், கால் எழுத்து, தாளின் விளிம்பு ஆகியவையே எஞ்சி நிற்கின்றன. கணவர் விட்டுச் சென்ற பொருட்களை நோக்கும் ஒரு பெண்ணின் பார்வையும், முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்ணின் தாளை நோக்கும் பார்வையும் ஒன்றாகிவிடுகின்றன.

இத்தகைய துண்டுகளை வாய்விட்டு வாசிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்று அவர் செய்தே காட்டினார். இசைஞர் டேவிட் கிறப்ஸ் என்பவரோடு சேர்ந்து, 2005ஆம் ஆண்டு முதற் பல இசைத்தட்டுக்களை வெளியிட்டார். வெட்டுண்ட எழுத்தை வெட்டுண்ட ஒலியாகவே அவர் உச்சரிக்கிறார். அரைச் சொல்லை அரைச் சொல்லாகவே நிறுத்துகிறார். தாயின் நாடக மேடையும் பழைய வானொலி நிலையமும் அக்குரலிலே கலந்திருக்கின்றன.

பரிசுகள் காலந் தாழ்த்தியே வந்தன. 2011ஆம் ஆண்டிலே பொலிங்கன் பரிசும், 2017ஆம் ஆண்டிலே அமெரிக்கக் கவிதைச் சங்கத்தின் றொபேட் புறொஸ்ற் பதக்கமும், 2018ஆம் ஆண்டிலே கனடாவின் கிறிபின் பரிசும் அவருக்குக் கிடைத்தன. கிறிபின் பரிசு பெற்ற நூலின் பெயர் ‘டெத்ஸ்’. கடன், ஆழம், சாவு என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களும் ஒலிக்கும் அப்பெயர், தாயார் நாடகமாக்கிய ஜொய்சின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. எண்பது வயதிலே வெளியிட்ட நூலுக்குத் தாய்வழிச் சொத்திலிருந்து ஒரு சொல்லை அவர் எடுத்துக் கொண்டமை பொருத்தமே.

சூசன் ஹவ்வின் கவிதை எல்லோரும் எளிதிற் பயிலக்கூடியதன்று. அதனை மனப்பாடம் செய்து சபையிலே பாட இயலாது. பொருள் என்ன என்று உடனே கேட்பவருக்கு அது உடனே விடை கூறாது. ஆனால் அதனைப் பயின்றவர் பின்னொரு நாள் ஒரு பழைய கடிதத்தையோ கணக்கேட்டையோ கையில் எடுக்கும்போது, முன்பு காணாத ஒன்றைக் காண்பர். அடித்து விட்ட சொல்லின் மேல் அவர் பார்வை நிற்கும். ஓரத்துக் குறிப்பை எழுதிய கை யாருடையது என்று கேட்பர். விடைக் கடிதங்கள் ஏன் இக்கட்டிலே இல்லை என்று தேடுவர். ஸ்ரெல்லாவும், ஹோப் அதர்ரனும், ஹன்னா எட்வேட்சும் நமக்குச் சொல்ல நினைத்தவற்றை எவராலும் இனி முழுமையாக மீட்க இயலாது. அவர்கள் பேசினார்கள் என்பதற்குச் சான்றாகிய அக்கீறல்களையாவது துடைத்து விடாதிருத்தல் பின் வந்தோர் கடன். அக்கடனைச் செலுத்துவதிலேயே இக்கவிஞர் அரை நூற்றாண்டைக் கழித்தார்.